மூன்றரை மணித் திரை

எங்கள் வீட்டில் என்னைவிட ஒழுங்காக விடியற்காலையில் வேலைக்கு வருகிற ஒருவன் இருக்கிறான். சம்பளம் கேட்பதில்லை. காப்பி கேட்பதில்லை. கிழக்கு ஜன்னலின் திரையைத் திறந்துவிடுவான். வெயில் ஏறினால் மூடுவான். அவ்வளவுதான் அவன் உத்தியோகம். ஆள் என்று மரியாதைக்குச் சொன்னேனே தவிர, அது ஒரு மோட்டார். ஒரு முழ நீளம்கூட இருக்காது. திரை தொங்குகிற டிராக்கின் ஒரு கோடியில், வௌவால் மாதிரித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. 2024ஆம் வருஷம் சித்திரை மாதம் வந்து சேர்ந்தது. வந்த நாளிலிருந்தே எனக்கும் அதற்கும் ஒத்துப்போகவில்லை. தப்பு யார் மேல் என்று வாசகர்களைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவதற்காக இதை எழுதவில்லை. தப்பு யார் மேல் என்பது எனக்குத் தெரியும்.

குயிலாப்பாளையம் புதுச்சேரிக்கு வடக்கே இருக்கிறது. மரக்காணம் போகிற கடற்கரைச் சாலையை விட்டு மேற்கே திரும்பி மேடேறினால் செம்மண் வந்துவிடும். செம்மண் வந்தால் முந்திரி வந்துவிடும். முந்திரி வந்தால் எங்கள் ஊர். ஆரோவில்லுக்குப் போகிறவர்கள் பலர் எங்கள் தெரு வழியாகத்தான் போகிறார்கள். காப்பிக் கடைகளில் நிற்பார்கள். ஊரைப் பார்க்கிறவர்கள் குறைவு. அதிலும் ஒரு சௌகரியம் இருக்கிறது. எழுதுகிறவனுக்கு யாரும் பார்க்காத ஊர்தான் நல்ல ஊர் என்று நினைத்து வந்தவன் நான்.

என் அக்கா வந்தது பிறகு. அவள் கடலூரில் முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். அத்தான் போன பிறகும் தனியாகவே இருந்தாள். 2021இல் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு முதலில் குழறியது, பிறகு தெளிந்துவிட்டது. அவளுடைய பிள்ளை பெங்களூரில் இருக்கிறான். மூன்றாவது மாடியில் வீடு. லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகும். ஆகவே அக்கா இங்கே வந்தாள். வீட்டிலேயே நல்ல அறையை, கிழக்கு பார்த்த அறையை, அவளுக்குக் கொடுத்தேன். "கொடுத்தேன்" என்று எழுதும்போதே எனக்கு ஒரு பெருமை வருகிறது பாருங்கள். அந்தப் பெருமைதான் இந்தக் கட்டுரையின் வில்லன்.

கிழக்கு ஜன்னல் என்றால் சும்மா இல்லை. கடல் இரண்டு மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது. மரங்கள் மறைப்பதால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அங்கிருந்து வருகிற வெளிச்சத்தை ஒன்றும் மறைப்பதில்லை. ஆறு மணிக்கு ஜன்னல் முழுவதும் தங்கமாக இருக்கும். ஏழு மணிக்கு அதே தங்கம் நேரே கட்டிலில் படுத்திருப்பவளின் கண்ணில் வந்து குத்தும். கழுத்தைத் திருப்பிக்கொள்ள முடிகிறவர்களுக்கு அது ஒரு விஷயமே அல்ல. முடியாதவர்களுக்கு அது தண்டனை. கனமான துணியில், உள்ளே அஸ்தர் வைத்து ஒரு ஸ்கிரீன் தைத்துப் போட்டோம். விடிந்ததும் திறக்க வேண்டும், ஏழு மணிக்கு மூட வேண்டும், பத்து மணிக்கு மறுபடி திறக்க வேண்டும். காலை ஆறு மணிக்குத் திறப்பது என் வேலை. மூன்று வருஷம் ஒரு நாள் தவறியதில்லை. பல் தேய்த்துவிட்டு நேரே போவேன், திரையை இரண்டு கையாலும் பிடித்து 'சர்'ரென்று தள்ளுவேன், "விடிஞ்சாச்சு அக்கா" என்பேன். அவள் கண்ணைத் திறந்து சிரிப்பாள். கோயிலில் நடை திறக்கிற குருக்களுக்கு இருக்கிற மாதிரி எனக்கும் ஒரு கம்பீரம் இருந்திருக்க வேண்டும்.

மருமகனுக்கு இதில் திருப்தி இல்லை. "மாமா, உங்களுக்கும் எழுபது தாண்டிடுச்சு. ஒரு நாள் நீங்க எழுந்திருக்கலைன்னா?" என்றான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படித்தான் அன்பைச் சொல்கிறார்கள். ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து இறங்கினான்.

மாட்டிக் கொடுத்தது எங்கள் ஊர்ப் பையன். ஆரோவில்லில் மின்சார வேலை பழகியவன். மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்டான். பழைய கம்பியைக் கழற்றிவிட்டு அலுமினிய டிராக்கை அடித்தான். டிராக்கின் உள்ளே ஒரு பல் வைத்த பெல்ட் சுற்றி ஓடுகிறது. மோட்டார் பெல்ட்டை இழுக்கிறது, பெல்ட் முதல் ரன்னரை இழுக்கிறது, முதல் ரன்னர் மற்றவற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது. திறக்க, நிறுத்த, மூட என்று மூன்று பொத்தான் வைத்த சிறிய ரிமோட் ஒன்று. அதைக் கயிற்றில் கட்டி, அக்காவின் வலது கைப்பக்கம் கட்டில் கம்பியில் தொங்கவிட்டான். அப்புறம் ஒரு சோப்புப் பெட்டி அளவில் இன்னொரு பெட்டி. வீட்டுக் கருவிகளுக்கெல்லாம் அதுதான் மணியக்காரர். எந்த மணிக்கு எது நடக்க வேண்டும் என்கிற கணக்கு அதனிடம் இருக்கும்.

நான் சும்மா இருக்கவில்லை. எனக்குத் தெரிந்த சரித்திரத்தையெல்லாம் எடுத்து விட்டேன். வெள்ளைக்காரன் காலத்தில் வராந்தாவில் உட்கார்ந்து பங்கா இழுத்தவனை ஞாபகப்படுத்தினேன். கயிற்றைக் கால் விரலில் கட்டிக்கொண்டு தூங்கியபடியே இழுத்தானாம், அவன் முகத்தை உள்ளே இருந்த துரை பார்த்ததே இல்லை. அலெக்ஸாந்திரியாவில் கி.பி. முதல் நூற்றாண்டில் ஹீரோ என்றொரு மேதை, பீடத்தில் நெருப்பு மூட்டினால் கோயில் கதவு தானே திறக்கிற யந்திரத்தை விவரித்து எழுதினான் என்றேன். சூடான காற்று தண்ணீரைத் தள்ள, தண்ணீர் வாளியில் விழ, வாளியின் பாரம் கயிற்றை இழுக்க, கதவு திறக்கும். பக்தர்கள் சாமியின் மகிமை என்று நினைத்திருப்பார்கள். "ஆக, மனுஷனுக்கு இந்தச் சோம்பேறித்தனம் இரண்டாயிரம் வருஷமா இருக்கு" என்று முடித்தேன்.

கடைசி அஸ்திரமாகப் புதுச்சேரியிலிருந்து கோல்கொண்டேயைக் கொண்டு வந்தேன். அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதி அது. 1937இல் கட்ட ஆரம்பித்தார்கள், முடிவதற்குள் உலக யுத்தமே வந்துவிட்டது. ஜப்பானில் தொழில் நடத்தி வந்த அன்டோனின் ரேமண்ட் என்ற செக் தேசத்துக் கட்டடக் கலைஞர் வரைந்தது. பிற்காலத்தில் அமெரிக்காவில் மரச் சாமான்களுக்குப் பெயர் போன ஜார்ஜ் நாகஷிமா இளவயதில் இங்கே வந்து தங்கி இதைக் கட்டினார். பிரான்டிசெக் சம்மர் என்றொருவரும் கூட இருந்தார். ஹைதராபாத் நிஜாமின் கொடை, சர் அக்பர் ஹைதரி மூலமாக வந்தது. அதனால்தான் வைரச் சுரங்கத்தின் பெயர். அந்தக் கட்டடத்துக்கு வடக்கிலும் தெற்கிலும் சுவரே கிடையாது என்று சொல்லலாம். மேலிருந்து கீழ் வரை படுக்கை வாட்டில் பலகைகள், கல்நார் சிமெண்டில் செய்தவை. கண்ணாடி இல்லை, திரை இல்லை. பிடியைத் திருப்பினால் பலகைகள் சாயும். வெயில் வெளியே நிற்கும், காற்று உள்ளே வரும். தெருவில் நின்று பார்த்தால், ஒரு பக்கம் திறந்தும் ஒரு பக்கம் சாத்தியும், கட்டடமே செதில் செதிலாக மூச்சு விடுகிற மாதிரி இருக்கும்.

"எண்பது வருஷமா கையாலதான் திருப்பறாங்க. கட்டினவன் மோட்டார் தெரியாதவனா?" என்றேன்.

அந்த எலெக்ட்ரீஷியன் பையன் ஏணி மேலிருந்து, ஸ்குரூ டிரைவரை வாயில் கவ்விக்கொண்டே, "சார், மாத்ரி மந்திர் உச்சியில ஒரு கண்ணாடி இருக்குல்ல? அது தானாவே சூரியன் பின்னாடி திரும்புது. அது கம்ப்யூட்டர் வேலைதானே?" என்றான்.

அது வாஸ்தவம். 1968 பிப்ரவரி 28இல் ஆரோவில் தொடங்கிய பிறகு, 1971இல் மாத்ரி மந்திருக்கு அஸ்திவாரக் கல் வைத்தார்கள். கட்டி முடித்தது 2008இல். அதன் உச்சியில் சூரியனைத் தொடர்கிற கண்ணாடி ஒன்று, கணக்கு எழுதி வைத்த பிரகாரம் திரும்பிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு கற்றை வெளிச்சத்தைப் பிடித்துக் கீழே நேராக இறக்கி, உள் அறையின் நடுவில் இருக்கிற 70 சென்டிமீட்டர் ஸ்படிக உருண்டையில் விழ வைக்கும். எங்கள் ஊரைச் சுற்றிய கிராமத்து ஆணும் பெண்ணும் மண் சுமந்து கட்டிய கோளம் அது. அதற்கு எதிராக நான் என்ன வாதாடுவது?

அக்காவைக் கவனித்துக்கொள்கிற அம்மாளுக்கு மரக்காணம் சொந்த ஊர். அவள் குடும்பத்தில் இன்றைக்கும் உப்பளத்தில் வேலை செய்கிறார்கள். அவள் மட்டும்தான் என் கட்சி. "வெயிலுக்குத் தெரை போட்டா எங்க பொழப்பு என்னாவறது அய்யா?" என்று சிரித்தாள். பாத்தியில் உப்பு பூப்பது வெயில் தயவு. ஆனால் வாருகிறவர்கள் அந்த வெயிலுக்கு முந்திக்கொண்டு, இருட்டிலேயே பாத்தியில் இறங்கிவிடுகிறார்கள். ஐப்பசி மழையில் பாத்திகள் மூழ்கினால் பிறகு தை வரைக்கும் வேலை இல்லை. சூரியனோடு அவர்களுக்கு இருக்கிற கணக்கு வேறு. என் கட்சிக்கு அது உதவாது என்று எனக்கே தெரிந்தது.

மருமகன் ஊருக்குப் போய்விட்டான். மறுநாள் ஐந்து மணிக்கு நான் எழுந்தபோது அக்காவின் அறைக் கதவின் கீழே இருட்டு வேறு மாதிரி தெரிந்தது. எட்டிப் பார்த்தால் திரை அகலத் திறந்து கிடக்கிறது. எப்போது திறந்தது என்று கேட்டேன். "மூணரை இருக்கும்" என்றாள் அக்கா. மறுநாளும் மூன்றரை. எனக்கு ஒரே உற்சாகம். காலை ஆறு மணிக்குத் திற என்று சொன்னால் நடுராத்திரியில் திறக்கிற வேலைக்காரனை யார் வைத்துக்கொள்வார்கள்? காரணம் நாலாம் நாள் தெரிந்தது. அந்த மணியக்காரப் பெட்டி பிறந்தது சீனாவில். அங்கே மணி ஆறு அடிக்கும்போது நமக்கு மூன்றரை. புக்ககம் வந்தும் பிறந்த வீட்டு மணியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது, பாவம்.

எலெக்ட்ரீஷியன் பையன் வந்து மணியைத் திருத்தினான். "ஆறு மணின்னு எதுக்கு சார்? சூரிய உதயம்னே போட்டுடலாம்" என்று, இந்த ஊர் பூமியில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற எண்ணை எழுதி வைத்தான். அவ்வளவு போதுமாம். வைகாசியில் 5-40 சுமாருக்கு, தை மாதத்தில் 6-35 சுமாருக்கு என்று உதயத்தை அதுவே தினம் தினம் கணக்குப் போட்டுக்கொள்ளும். ஆக, அது சூரியனைப் பார்ப்பதே இல்லை. பஞ்சாங்கத்தைப் பார்க்கிறது. எனக்கு அதன் மேல் முதல் முதலாகக் கொஞ்சம் மரியாதை வந்தது அப்போதுதான். அத்தோடு, கட்டளை எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடக்கும்படி செய்துவிட்டான். முன்பு போனில் பொத்தானை அமுக்கினால், உத்தரவு ஏதோ ஒரு தூர தேசத்துக் கம்ப்யூட்டருக்குப் போய், அங்கே அனுமதி வாங்கிக்கொண்டு, பத்தடி தள்ளி இருக்கிற திரைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"நாலு நாளா நடுராத்திரியில திறந்துக்கிட்டுக் கிடந்ததே, சொல்லக் கூடாதா அக்கா?" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் தொந்தரவில்லையே" என்றாள்.

இந்தப் பதிலை நான் கவனித்திருக்க வேண்டும். கதை எழுதுகிறவனுக்கு இதுகூடக் காதில் விழவில்லை என்றால் என்ன பிழைப்பு?

ஆடி மாதத்தில் ஒரு கூத்து நடந்தது. கண்ணில் வெயில் குத்துகிற நேரம் பருவத்துக்குப் பருவம் மாறுகிறதே என்று, ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சத்தை அளக்கிற வில்லை ஒன்றை மருமகன் ஒட்டச் சொல்லியிருந்தான். வெளிச்சம் இவ்வளவுக்கு மேல் போனால் மூடு, குறைந்தால் திற என்று ஏற்பாடு. ஆடிக் காற்று மேகத்தை ஓட்டிக்கொண்டு வந்த ஒரு காலையில் திரை மூடிற்று, திறந்தது, பாதி மூடிற்று, மறுபடி திறந்தது. சின்ன வயதில் பார்த்த நாடகக் கொட்டகையில், கயிறு இழுக்கிறவனுக்குக் காட்சி மறந்துபோனால் இப்படித்தான் நடக்கும். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கவாதம் வந்த பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பையன் வந்து நிதானம் கற்றுக் கொடுத்தான். பதினைந்து நிமிஷம் விடாமல் வெயில் அடித்தால்தான் மூட வேண்டும், மூடினால் அரை மணி வரை திறக்கக் கூடாது. யந்திரத்துக்குப் பொறுமை என்பது இரண்டு எண்கள், அவ்வளவுதான். மனிதர்களுக்கும் அப்படி எழுதி வைக்க முடிந்தால் நன்றாக இருக்கும்.

காலை ஆறு மணிக்கு நான் இப்போதும் போய்க்கொண்டுதான் இருந்தேன். போனால் திரை திறந்திருக்கும், அறை முழுக்க வெளிச்சம் நிற்கும். "விடிஞ்சாச்சு அக்கா" என்று சொல்ல வாய் வராது. அவளுக்கே தெரிந்த சமாசாரத்தை நான் எதற்குச் சொல்ல வேண்டும்? கையில் காப்பியோடு கல்யாண வீட்டில் தெரிந்தவர் யாரும் இல்லாதவன் மாதிரி நிற்பேன். பிறகு ஆறு மணி ஆறரையாயிற்று, ஏழாயிற்று.

ஆவணியில் ஒரு இரவு தூக்கம் வரவில்லை. அக்காவின் அறையிலிருந்து மெல்லிய உறுமல் கேட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று இருபத்தெட்டு. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். பயல் பழைய குணத்துக்குத் திரும்பிவிட்டான்! விடிந்ததும் முதல் காரியமாக மருமகனுக்குப் போன் செய்தேன். "உன் யந்திரம் மறுபடி சீனாவுக்குப் போயிடுச்சு" என்றேன். அவன் பெங்களூரில் உட்கார்ந்தபடியே ஏதோ பார்த்தான்.

"மாமா, அது தானாத் திறக்கலை."

"பின்னே பேயா?"

"ரிமோட். மூணு இருபத்தெட்டுக்கு ரிமோட்ல திறந்திருக்கு. நாலு பத்துக்குப் பாதி மூடியிருக்கு. அஞ்சுக்கு மறுபடி. நேத்தும் அப்படித்தான். முந்தாநாளும்..." பேசிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான். சித்திரையிலிருந்து எல்லா நாளும் அந்தப் பட்டியலில் இருந்திருக்கிறது.

அன்று ராத்திரி மூன்றரைக்கு நான் அக்காவின் அறைக்குப் போனேன். விளக்குப் போடவில்லை. திரை திறந்திருந்தது. முந்திரி மரங்களுக்கு மேலே நட்சத்திரங்கள் இருந்தன. தெருக்கோடி விளக்கின் கீழே ஒரு நாய் சுருண்டிருந்தது. பார்ப்பதற்கு வேறு ஒன்றுமில்லை.

"தூங்கலையா?" என்றேன்.

"மூணு மணிக்கு மேல எனக்கு எப்பவும் தூக்கம் இல்லை தம்பி. இங்க வந்த நாளா அப்படித்தான்."

மூன்று வருஷம். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரமும் அவள் கண்ணுக்கு எதிரே தொங்கியது, நான் பார்த்துப் பார்த்து வாங்கிப்போட்ட கனமான துணி. கணக்கு டீச்சரின் தம்பி ஆனதால் எனக்கும் பெருக்கத் தெரியும். பெருக்க மனம் வரவில்லை.

"கூப்பிட்டிருக்கலாமே அக்கா? அடுத்த அறையிலதானே இருக்கேன்?"

"கூப்பிட்டா நீ வருவே. அதனாலதான் கூப்பிடலை."

சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, வகுப்பில் பாடம் சொல்கிற குரலில் சொன்னாள். "ஒரு நாளைக்குப் பதினஞ்சு தடவை. அதுக்கு மேல யாரையும் கூப்பிடக் கூடாதுன்னு வெச்சிருக்கேன். புரட்டிப் படுக்க வைக்க ஆறு. தண்ணிக்கு மூணு. பாத்ரூம் சங்கதிக்கு நாலு. ரெண்டு அவசரத்துக்குக் கையிருப்பு. திரைக்கு எங்க எடம் இருக்கு? ஏழு மணிக்கு வெயில் குத்தினா, அந்தப் பொம்பளை அடுப்பில இருப்பா. கண்ணை மூடிக்குவேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? கேட்காமலே செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்காமலே இருந்ததற்கு அப்படி ஒரு பட்ஜெட் இருந்தது என்று தெரியவில்லை. என் நாவல்களில் பெண்களின் மனசை அப்படியே எழுதுகிறேன் என்று கடிதம் போடுகிற வாசகிகள் தயவு செய்து மன்னிக்க வேண்டும்.

"வடலூர் ஞாபகம் இருக்கா உனக்கு?" என்றாள் அக்கா. "உனக்கு எங்க இருக்கப் போவுது, நீ அப்ப அம்மா வயத்துல. தைப்பூசம். அப்பா என்னைக் கூட்டிட்டுப் போனாரு."

வடலூர் சத்திய ஞான சபையை ராமலிங்க அடிகள் 1872இல் நிறுவினார். தைப்பூசத்தன்று ஏழு திரைகளை நீக்கி ஜோதி காட்டுவார்கள். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியில் எல்லாம் கலந்த நிறம். எங்கள் வீட்டில் அது குடும்ப வழக்கம். திரை என்ற சொல்லுக்குத் தமிழில் அலை என்று ஒரு அர்த்தம், கிழத்தனத்தில் தோல் சுருங்குவதற்கும் அதே பெயர். அந்த நேரத்தில் மூன்றும் எங்கள் பக்கத்திலேயே இருந்தன.

"ஒரு திரை விலகும், ஜனங்க 'ஆ'ன்னுவாங்க. எனக்கு முதுகுதான் தெரியும். அடுத்தது விலகும். மறுபடியும் முதுகு. யாரோ இழுக்கறாங்க, யாரோ பாக்கறாங்கன்னு எனக்கு அழுகை. அப்பா கடைசித் திரைக்குத்தான் என்னைத் தூக்கினாரு." கயிற்றில் தொங்கிய ரிமோட்டை வலது கையால் எடுத்துக் காட்டினாள். "இப்ப இழுக்கறதும் நானே, பாக்கறதும் நானே. நாய்தான் தெரியுது, இருந்தா என்ன?"

கோல்கொண்டேயில் ரேமண்ட் மோட்டார் வைக்கவில்லை என்று வாதாடினேனே, அவர் செய்ததில் ஒன்றை மறந்துவிட்டேன். பிடியை வாசலில் காவல்காரனிடம் கொடுக்கவில்லை. அறைப் பக்கத்தில், குடியிருப்பவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார்.

அந்தப் பட்டியல் விஷயம் ஒன்று பாக்கி இருந்தது. தாயார் எத்தனை மணிக்கு விழிக்கிறாள் என்று பெங்களூரில் ஒரு பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது எனக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது. நானே அவன் சொல்லக் கேட்டுக்கொண்டேன் அல்லவா? இன்னொருவர் நாட்குறிப்பைப் பிரித்துப் படித்த மாதிரிதான். அதை நிறுத்திவிடச் சொன்னேன். "மாமா, இவ்வளவு தூரத்துல இருந்து அம்மா எப்படி இருக்காங்கன்னு எனக்குத் தெரியற வழி அது ஒண்ணுதான். போன்ல கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்வாங்க" என்றான். அதிலும் நியாயம் இருந்தது. அக்காவிடமே கேட்டோம். அவள் கொஞ்சம் யோசித்தாள். "பகல் அவனுக்கு. ராத்திரி எனக்கு" என்று தீர்ப்புச் சொன்னாள். பையன் வந்து இரவு பத்திலிருந்து ஆறு வரை ஒன்றும் எழுதாமல் இருக்கும்படி பெட்டியைத் திருத்திக் கொடுத்தான்.

கார்த்திகையில் புயல் வந்தது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி வந்த தானே காற்றுப் புயல். இந்தப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போயிற்று. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய பெஞ்சல் மழைப் புயல். ஏறிய இடத்திலேயே நின்றுகொண்டு கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல். எங்கள் வீட்டில் சாயங்காலமே மின்சாரம் போய்விட்டது. மணியக்காரப் பெட்டி கண்ணை மூடிற்று. திரை மூடியபடியே நின்றுவிட்டது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு மூன்றரைக்கு அக்காவின் அறைக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தாள்.

"திறக்கட்டுமா? உடைஞ்சு போகுமோ என்னவோ."

"கையால இழுத்தா வரும்னு அந்தப் பையன் சொல்லியிருக்கான். இழு."

இழுத்தேன். முதலில் சற்று முரண்டியது, பிறகு பெல்ட் வழிவிட்டது. வெளியே ஒன்றும் இல்லை. இருட்டும், கண்ணாடியில் வழிகிற தண்ணீரும்தான். எங்கோ ஒரு கிளை முறிகிற சத்தம் கேட்டது. "இருக்கட்டும்" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். விடிகிற வரையில் இரண்டு பேரும் அந்தத் தண்ணீரைப் பார்த்தோம்.

மின்சாரம் வர மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் அக்கா என்னைத் திரைக்காகக் கூப்பிட்ட மாதிரி, முந்திய மூன்று வருஷத்தில் எதற்கும் கூப்பிட்டதில்லை. திற, பாதி மூடு, அந்த ஓரத்தை இன்னும் கொஞ்சம் தள்ளு, வேண்டாம் பழையபடியே இருக்கட்டும். இரண்டாம் நாள் எண்ணினேன். திரைக்கு மட்டும் பதினெட்டுத் தடவை.

"பதினஞ்சு தாண்டிடுச்சே டீச்சர்" என்றேன்.

"இது கணக்குல சேராது. மோட்டார் கெட்டா மோட்டார் வேலையை யார் செய்யறதாம்?"

மூன்றாம் நாள் ராத்திரி ஒன்பது மணி இருக்கும். மழை விட்டிருந்தது. மேகம் கிழிந்து கிழக்கே கொஞ்சம் வானம் தெரிந்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மெழுகுவர்த்தியில் பழைய பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். வீடு முழுவதும் விளக்குகள் ஒரே சமயத்தில் எரிந்தன. மோட்டார் ஒரு தடவை உறுமியது. நினைவு திரும்பியவன் தன் வீட்டைத் தடவிப் பார்ப்பது மாதிரி, திரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்து மூடிவிட்டது. தன் எல்லை எது என்று தெரிந்துகொள்கிறதாம்.

"திற" என்றாள் அக்கா, என்னைப் பார்த்து.

நான் பத்திரிகையை வைத்துவிட்டு எழுந்தேன். அதற்குள் அவள் வலது கை கட்டில் கம்பியில் கயிற்றைத் தேடிக்கொண்டிருந்தது.